நிறுத்துப் பார்த்தல்

ஸ்ட்ரோம்ஸ்டாடில் என் மீன்கடை
ஒரு நாளும் பூட்டப்படவில்லை.
பூட்டச் சொல்லி யாரும் வரவில்லை.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன்,
இரண்டு மீட்டருக்கு ஒன்று.
நாடா மட்டும் வரிசையில் நின்றது.

வாங்குகிறவர்கள் பாதிக்கு மேல் பாலத்துக்கு அப்பால், நார்வேயில்.
அவர்கள் அரசு அவர்களை உள்ளே வைத்துச் சாத்தியது.
திறந்த கடையில் இறால் தலை கருத்தது.
இதை யார் கணக்கில் எழுதுவது என்று
அப்போதே கேட்டிருக்கலாம்.

அந்த வசந்தத்தில் எலோஃப் வாசிக்கக் கற்றான்.
பள்ளி திறந்திருந்தது.
சேறு அப்பிய காலுறையோடு வந்து
விலைப்பலகையில் கானாங்கெளுத்தியைப் படித்தான்,
எழுத்தெழுத்தாக, எச்சில் தெறிக்க.

அதே வாரம் முதியோர் இல்லத்தில்
அப்பாவின் சன்னலுக்கு வெளியே நின்றேன்.
உள்ளே வா என்று கையசைத்தார்.
திறந்த நாட்டிலும் பூட்டிய கதவுகள் சில இருந்தன,
அவற்றில் ஒன்று அவருடையது.
ஆனால் அது முன்பே உள்ளே போயிருந்தது,
விடுப்பெடுத்தால் கூலியில்லாத யாரோ ஒருத்தியின்
அடக்கிய இருமலில்.
அவள் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டால் வெறுக்க வேண்டியிருக்கும்.
ஒன்பதாம் நாள் தொலைபேசி அடித்தது.
கத்தியைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தேன்.

இரண்டு கோடை கழித்து
ஹால்டனிலிருந்து சின்னம்மா மகள் சிக்ருன் வந்தாள்.
"உங்க பக்கம் மொத்தம் எத்தனை பேர்..." என்று தொடங்கி
இறாலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.
நானும் அவள் மகனைப் பற்றிக் கேட்கவில்லை,
பதினாறு வயதில் அறைக்குள் போனவன்
ஊரெல்லாம் திறந்த பிறகும் வெளியே வராததை.

மீன்காரிக்குத் தெரியும்.
பெட்டியின் எடையைக் கழிக்க வேண்டும்,
பனிக்கட்டியைக் கழிக்க வேண்டும்,
மிஞ்சுவதே மீன்.
நாட்டை நிறுக்கும்போது எதைக் கழிப்பது?
ஆளுக்கொரு வீடாய் வாழும் எங்கள் வழக்கத்தையா,
நோயில்லாத நாளிலும்
பேருந்துக்குக் காத்திருக்கையில் விட்டு நிற்கும் இடைவெளியையா,
சொன்னால் கேட்பார்கள் என்று
ஆண்டவர்கள் எங்கள்மேல் வைத்த நம்பிக்கையையா?
அப்பாவை எதனோடு சேர்ப்பது?
மீனோடா, பனிக்கட்டியோடா?

அவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள்.
நாங்கள் நிறுத்தாமல் இருந்துவிட்டு
இன்றும் நிறுத்துப் பார்க்கிறோம்.

சிக்ருன் அரைக் கிலோ கேட்டாள்.
கடற்காற்று வந்தால் என் தராசில் எண் நிலைக்காது.
நானூற்றுத் தொண்ணூறு, ஐந்நூற்றுப் பத்து,
மறுபடி நானூற்றுத் தொண்ணூறு.
"அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தேன்" என்றாள்.
சொன்ன பிறகுதான்
இருவருக்கும் அது காதில் விழுந்தது.

கூட ஒரு கை அள்ளிப் போட்டு
எண்ணைப் பார்க்காமல் கட்டிக் கொடுத்தேன்.