இரைச்சல்

பெல்லந்தூர், ஐந்தாம் மாடி, இரவு ஷிப்ட்.
லேசர் அளந்து அனுப்பிய எபிடாரஸ் அரங்கம்
என் திரையில் கோடிப் புள்ளிகளாய் நிற்கிறது.
கல்லை விட்டுவிட்டு
ஆட்களை அழிப்பது என் வேலை.

தொப்பிக்காரர், செல்ஃபிக் குச்சி, பாதி நாய்,
நகர்ந்துகொண்டே இருந்ததால்
இடுப்புக்கு மேல் இல்லாமல் போன
ஒரு பள்ளிக்கூடக் கூட்டம்.
எல்லாம் போயாச்சு.

நேற்று ஒரு தேவாலயம். ஜெர்மனியிலோ எங்கோ.
மெழுகுத்திரிப் புகையைக்கூட
இரைச்சல் என்று குறித்திருந்தார்கள்.
தூணருகே முழங்காலிட்டிருந்தவரை
அழிக்கும் முன்
எழுந்துகொள்ளட்டுமே என்று
கொஞ்சநேரம் காத்திருந்தேன்.

இந்த அரங்கின் நடுவே காசு விழுந்தால்
கடைசிப் படியில் கேட்குமாம்.
மூன்று மணிக்கு, ஏசி ஓய்ந்த நேரம்,
ஒரு ரூபாயைத் தரையில் போட்டேன்.
லிஃப்ட் வாசலில் கண்ணயர்ந்திருந்த
அசாம்காரர் திகந்தோ
"கியா ஹுவா, மேடம்?" என்றார்.

நாற்பத்தேழாம் வரிசையில்
துடைப்பத்தோடு ஒருத்தி குனிந்திருக்கிறாள்.
மற்றவர்களைப்போல் அவள் மேடையைப் பார்க்கவில்லை.
கல்லோடு ஒட்டியிருக்கிறாள், பிரிக்க வரவில்லை
என்று அறிக்கையில் எழுதினேன்.

இரண்டு கிளிக்கில் வந்திருப்பாள்.