காது வில்லை

டாக்டர் படிவத்தை வாசிக்க வாசிக்க
வானிலை அறிக்கை கேட்பவள்போல் உட்கார்ந்திருந்தாள்
லெய்தா ஓருமெட்ஸ், எண்பத்தாறு வயது.
பக்கவாதம் வரலாம். தொடையில் ரத்தம் நிற்காமல் போகலாம்.
துடிப்பு போகும் பாதை நசுங்கி
பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.
புது வால்வின் ஓரத்தில்...
"அது எதில் செய்தது?"
பசுவின் இதயத்தை மூடியிருக்கும் உறையில்.
"பெயர்?"
டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

முப்பத்தொரு வருடம் கூட்டுப்பண்ணையில் கறந்தவள்.
அங்கே மாட்டுக்குக் காதில் எண் மட்டும்தான்.
பெயர், விடியுமுன்
ஆளில்லாத நேரத்தில் இவள் வைத்தது.

தொடை வழியே ஏறிப்போய்
சுண்ணாம்பேறிய பழைய கதவைச் சுவரோடு ஒதுக்கி
விரிந்தது புதியது.
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
ஆற்றில் பனி உடைந்ததா என்று கேட்டபடி வார்டுக்கு வந்தாள்.
தார்த்துவில் அது இன்னும் உறைந்துதான் கிடந்தது.

இரண்டாம் இரவு, மூன்று பத்து.
என் மேசைத் திரையில் அவளுடைய கோடு
படுத்துக்கொண்டது.
ஓடினேன்.
ஏழு வினாடி என்று பிறகுதான் பார்த்தேன்.
என் கை நெஞ்சைத் தொடுமுன் கண் திறந்தாள்:
"கறக்கிற மிஷினை யார் நிறுத்தினது?"

கழுத்து வழியே தற்காலிகக் கம்பி,
விடிந்ததும் பேஸ்மேக்கர்.
தொடையிலிருந்து முழங்கால்வரை ஊதாவாய்க் கன்றியிருந்தது.
வலதுகையில் மூன்று விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை.
அதுவும் படிவத்தில் இருந்ததுதான்:
நூற்றில் இரண்டோ மூன்றோ பேர்.
அந்த இரண்டோ மூன்றோ பேர்
ஒருத்தியாய்க் கட்டிலில் உட்கார்ந்து
ஒரு பித்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
நான் உதவப் போகவில்லை.
போயிருக்கலாம்.

ஓரத்தில் சின்னக் கசிவு, என்றார் டாக்டர்.
"கறந்து முடித்த காம்பும் ரெண்டு சொட்டு விடும்" என்றாள்.

மகன் யூலோ காரைச் சூடாக்கப் போயிருந்தான்.
வால்வு அட்டையைக் கொடுத்தேன்:
கம்பெனி, அளவு, வரிசை எண்.
கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.
"காது வில்லை."
பென்சில் கேட்டாள், இடதுகையில் வாங்கினாள்.
எண்ணுக்கு மேலே, கோணல்மாணலாய்,
முஸ்திக்.
கறுத்த பசுவுக்கு எங்கள் பக்கம் வைக்கும் பெயர்.

அட்டையில் யாரும் எதுவும் எழுதக் கூடாது.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடைசி எழுத்து முடியும்வரை.