விருப்பப் பாடம்

வேதியியல் ஆய்வகத்தின் பின்கதவை ஒட்டி
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
‘முதலாமாண்டு பாடத்தேர்வு ஆலோசனை’ என்ற தாளை
சுவரில் ஒட்டியவள் நான்தான்.
குற்றாலத்தில் சாரலாம்.
பாளையங்கோட்டைக்கு வந்து சேர்வது வெறும் காற்று.
பசை காயுமுன்னே
‘ஆலோசனை’ மட்டும் கழன்று ஆடத் தொடங்கிவிட்டது.

காலையிலிருந்து முப்பத்தோரு பேர்.
மேலப்பாளையத்து ரிஸ்வானா
கால அட்டவணையைத் துணிபோல் விரித்து
தோள் எது, கை எது என்று தேடினாள்.
முக்கூடல் உச்சிமாகாளிக்கு
கிரெடிட் என்றால் கடன்.
“மொத்தம் நூத்திநாப்பதா மேடம்?
எப்பக்குள்ள அடைக்கணும்?”
நான் சிரிக்கவில்லை.
மூணு வருஷம் இருக்கு தம்பி,
தவணை தவணையா அடைச்சிரலாம்.

எல்லோருக்கும் சொன்னது:
இங்கே திங்கள் செவ்வாய் கிடையாது,
நாள் வரிசை ஒன்று, இரண்டு, ஆறு வரை.
விடுமுறை வந்தால் வரிசை நின்று காத்திருக்கும்.
பேருந்து காத்திருக்காது
என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விருப்பப் பாடங்களில் கடைசி வரி என்னுடையது:
நன்னீர்ப் பாசிகள், ஐந்தாம் மணி.
“பாசின்னா வழுக்குமே” என்று
ஒருவன் அடுத்த வரிக்குத் தாவினான்.
அடுத்த வரி இல்லை. திரும்பி வந்தான்.
பதினைந்து பேர் சேர்ந்தால் வகுப்பு நடக்கும்.
நடந்தால் எனக்கு வாரம் நான்கு மணி நேரம்.
மணிக்கு இவ்வளவு என்று பெருக்கி
வண்ணார்பேட்டை வீட்டு வாடகையில்
கழித்தும் பார்த்தாயிற்று.
இதுவரை பதினாலு கையெழுத்து.

மூன்று மணிக்கு முப்பிடாதி வந்தாள்,
மூலைக்கரைப்பட்டிக்கு அந்தப் பக்கம்.
படிவத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கேட்டாள்:
“எங்க குளம் ஆறு மாசம் வெடிச்சுக் கெடக்கும் மேடம்.
தண்ணி வந்த நாலாம் நாளே பச்சை பிடிச்சிரும்.
தொட்டா தலைமுடி மாதிரி நழுவும்.
அதுவரைக்கும் அது எங்கன இருக்கும்?”

ஆறு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன்.
தேர்வுக்கு வருமா என்பதைத் தவிர
என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

பேனாவை நீட்டினேன்.
அவள் நேரத்தைப் பார்த்தாள்.
“இது எத்தன மணிக்கு முடியும்?”
மூணு முப்பத்தஞ்சு.
பெருமாள்புரம் நிறுத்தத்தில் மூணு நாற்பதுக்குப் பேருந்து.
அதை விட்டால் ஆறேகால்.
“இருட்டிட்டா அம்மை ரோட்டுக்கு வந்து நிப்பா.
அந்த நேரத்துல நூறு பீடி கொறஞ்சு போவும்.”
புகார் போலச் சொல்லவில்லை.
அவளும் பெருக்கிப் பார்த்திருந்தாள்.

ஐந்து நிமிடத்தில் ஓடிவிடலாம் என்று
சொல்லியிருக்கலாம் நான்.
நாக்கின் நுனிவரை வந்தது, உண்மைதான்.
“மூணாம் மணியில அலுவலகக் கணினி இருக்கு” என்றேன்.
“அதை எடு.”

எழுதினாள். மையால், அழுத்தி.
பிறகும் எழுந்திருக்கவில்லை.
“பதில் சொல்லலையே மேடம்.”

சொன்னேன். பாடம் எடுக்காமல் சொன்னேன்:
அந்தச் சேத்துலதான்.
ரெண்டு இழை ஒண்ணாச் சேந்து
தடிச்ச தோல் போட்டு ஒடுங்கிக்கும்.
வெயில் சுடும், ஆடு மிதிக்கும்,
பிள்ளைக கிரிக்கெட் ஆடும் அது மேல.
“ஆமா, ஆடுதானுவ” என்றாள்.

அவள் போனபின்
பதினைந்து என்ற எண்ணுக்கு எதிரே
பென்சிலால் அவள் பெயரை எழுதினேன்.
நேரே மாடிக்குப் போய்
அட்டவணைக் குழுவின் கோமதிநாயகம் சாரிடம்
மூன்றாம் மணியை எனக்குத் தந்து
ஐந்தை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன்.
நான்கு வருடமாக அசைக்காத அட்டவணை.
அவர் ஊர் சீவலப்பேரி. சொந்தமாக பைக் உண்டு.

“பாப்போம்” என்றார்.
இந்த ஊரில் அது மறுப்பாகவும் இருக்கும்,
சம்மதமாகவும் இருக்கும்.
மேசை இழுப்பறையைத் திறந்து
எதையோ துழாவிக்கொண்டிருந்தார்.
ரப்பராக இருக்கலாம். வெற்றிலையாகவும் இருக்கலாம்.

சன்னலுக்குக் கீழே
வெயிலுக்கு ஃபைலைத் தலையில் கவிழ்த்தபடி
முப்பிடாதி ஓடுகிறாள்.
மணி மூணு முப்பத்தாறு.