கேப்பர் மலையில் ஒரு நகல்

லாரன்ஸ் ரோட்டுக் கடையில்
"ஒரு டிபி போதுமாக்கா, ரெண்டு டிபி வேணுமா?" என்றான் பையன்.
பக்கத்தில் ரீசார்ஜுக்கு நின்ற மனிதர்
கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு
ஓரடி தள்ளிப் போனார்.

சுற்றுவது ஒன்று, சுற்றாதது ஒன்று.
சுற்றுவது கைதவறி விழுந்தால் போச்சு.
சுற்றாதது விழலாம், எழலாம்,
ஆனால் மின்சாரமே காட்டாமல்
வருஷக்கணக்கில் பூட்டிவைத்தால்
கொஞ்சம் கொஞ்சமாக மறக்கத் தொடங்குமாம்.
விலையும் இரண்டு மடங்கு.
மறதிக்கு நான் எதற்கு அதிகம் கொடுக்க?

சுற்றுவதிலேயே இரண்டு எடுத்தேன்.
கறுப்பு. சோப்புக்கட்டி அளவு. மூன்று வருஷம் வாரண்டி.
"வாரண்டி டப்பாவுக்குத்தான்மா, உள்ள இருக்கறதுக்கு இல்ல"
பில்லை மடித்தபடி சொன்னார் ஜபருல்லா பாய்.
"ஒண்ணு வீட்ல வைங்க.
இன்னொண்ணு வேற கூரைக்கு அடியில இருக்கணும்."

இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தில்
செம்மண்டலம் வீட்டில் தண்ணீர்
ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த மாம்பழம்வரை ஏறியது.
வடிந்தபின் சிபியூவைச் சாய்த்தேன்.
அரைப்படி சேறு.
கூடவே விரல்நுனி அளவில் ஒரு நத்தை, உயிரோடு.
அது அவசரமில்லாமல் இறங்கிப் போனது,
எங்கள் எட்டு வருஷத்தின் மேலேறி.

இப்போதைய கணினியில் இருப்பவை:
வீட்டுப் பத்திரம், தலைகீழாக ஸ்கேன் செய்தது.
எல்.ஐ.சி. ரசீதுகள்.
குறட்டையே விடுவதில்லை என்று சாதிக்கும் கணவருக்காக
நடுராத்திரியில் பதிவு செய்த நாற்பத்தாறு விநாடி
(கேட்டுவிட்டு, "யார் இது?" என்றார்).
தம்பி கல்யாண வீடியோ, நான்கு பாகம்,
பண்ருட்டி வீடியோக்காரரிடம் கெஞ்சி
இரண்டாம் முறை வாங்கியது.

யார் கூரை?
அன்றிரவு தெரிந்தவர்களை எல்லாம்
கடல்மட்டத்துக்கு எத்தனை அடி மேலே என்று
கணக்குப் பார்த்தேன்.
பிலோமினா டீச்சர் முதுநகர், உப்பனாற்றை ஒட்டி. கழித்தேன்.
சித்தி தேவனாம்பட்டினம். யோசிக்கவே இல்லை.
தம்பி இளவழகன் நெய்வேலி. நல்ல மேடு.
ஆனால் ஒரு மூன்றடி மதில் விஷயத்தில்
ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.

மிஞ்சியது கேப்பர் மலை.
எங்கள் ஊரில் தண்ணீர் ஏறாத இடத்தில்
ஜெயிலைக் கட்டியிருக்கிறார்கள்.
அங்கே அலுவலகத்தில் வேலை, குடியிருப்பில் முதல் மாடி,
மங்கையர்க்கரசி.
தம்பியின் மனைவியாக இருந்தவள்.
தீர்ப்பு வந்த நாளிலிருந்து
என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல்
பெயரைச் சொல்கிறேன்.
அவளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இன்னும் அண்ணிதான்.

பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.
செம்மண், முந்திரி மரங்கள், ஒவ்வொரு பள்ளத்துக்கும்
இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன்.
சிலிக்கா பொட்டலம் மூன்று போட்டு
முறுக்கு டப்பாவில் அடைத்திருந்ததால்
வாங்கியதும் காதருகே வைத்துக் குலுக்கினாள்.
"ஆட்டாதே!" என்று கத்திவிட்டேன்.
கீழ்வீட்டு நாய் குரைத்தது.

என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள், சொன்னேன்.
"என் கல்யாணமுமா?"
"நாலு பாகம். வேணாம்னா அழிச்சிடறேன்."
மூடியை அழுத்தி மூடினாள்.
"ரெண்டாம் பாகத்துல எங்கப்பா சாப்பிட்டுட்டிருப்பாரு.
அப்பளத்த உடைச்சு, கேமராவப் பாத்து, வெக்கப்பட்டு.
இருக்கட்டும்."

பீரோவில், குளிர்காலப் போர்வைக்கு அடியில்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்துப்போய்
புதுசெல்லாம் ஏத்திக் கொண்டாரணும்," என்றேன்.
படிவரை வந்தாள்.
"மழை பெய்யாத வருஷத்துலயும் வருவீங்களா அண்ணி?"

டிரைவர் ஹாரன் அடித்தார்.
ஓடிக்கொண்டே விரல்களைக் காட்டினேன்.
மார்ச் என்று நினைத்து, மூன்று.