கைநாட்டு

பீரோவின் அடித்தட்டில் கிடந்தது
சங்கத்தின் முதல் வருகைப் பதிவேடு.
அட்டையில் முடியரசின் சிங்கம், பாதியைக் கரையான் தின்றிருந்தது.
உள்ளே திருமதி ஹாலிடேயின் சாய்ந்த எழுத்து:
"செவ்வாய். ஸ்பாஞ்ச் கேக். முட்டை நான்கு.
மண்ணெண்ணெய்த் தகரமே அடுப்பு.
பெண்கள் ஆர்வத்துடன் வந்தனர்."

ஆர்வம்.
முள்வேலிக்குள் அடைபட்ட ஊர் அது.
சுற்றிலும் ஆளுயர அகழி, அடியில் கூர்சீவிய மூங்கில்.
தோண்டியதும் அவர்கள்தான்.
சங்கத்தில் பெயர் இருந்தால்
செவ்வாய்க்கிழமை மட்டும் மண்வெட்டி இல்லை.
நானும் சேர்ந்திருப்பேன்,
நான்கு முட்டையை ஒன்றாகப் பார்க்கவாவது.

கொடி மாறியது.
யார் வந்து நாற்காலியில் அமர்ந்தாலும்
விமான நிலையத்தில் வெயிலில் நின்று
ஆடி வரவேற்றதும் இதே சங்கம்தான்.
அதன் நியேரி கிளையில்
எனக்கொரு மேசை, ஒரு மின்விசிறி,
வியாழன்தோறும் நிலத் தகராறு.

இன்று எதிரே வாருகுரு.
மழையில் நனைந்த ரப்பர் செருப்பைக்
கழற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கிறாள்.
அப்பா கிசோகிக்கு ஒரே மனைவிதானாம்.
உன் அம்மா பின்னால் வந்தவள், காப்பி பறிக்க வந்த கூலி;
பங்கு கிடையாது என்கிறார்கள் சித்தப்பா மக்கள்.
பதிவேட்டிலும் ஒரே பெயர்தான்:
வைரூரி, கிசோகியின் மனைவி.
நாற்பத்தொரு செவ்வாய், நாற்பத்தொரு கட்டைவிரல்.

மூடப் போனேன்.
"விரலைப் பாருங்கள்" என்றாள்.

ஒரு வாரம் முழு ரேகை.
மறுவாரம் ரேகையைக் குறுக்கே அறுக்கும் ஒரு வெள்ளைக் கோடு.
மறுபடி முழுசு. மறுபடி கோடு.

அம்மாவின் அடையாள அட்டையை நீட்டினாள்.
மாட்டுக்குப் புல் அறுத்தபோது அரிவாள் இழுத்த தழும்பு
அதே கோணத்தில், அதே நீளத்தில்.
ஒரே தலைத்துணியை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு
மூத்தவள் கேக்குக்குப் போனால் இளையவள் குழிக்கு,
இளையவள் கேக்குக்குப் போனால் மூத்தவள் குழிக்கு.
துரைசானிக்கு முகங்கள் எல்லாம் ஒன்று.
அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

முப்பதாம் பக்கத்தில் மட்டும்
ஒரே கட்டத்தில் இரண்டு விரல்,
ஒன்றன்மேல் ஒன்று ஏறி.
அன்று அகழி வேலை நடக்கவில்லையோ,
இருவருக்குமே பசியோ, தெரியாது.
பக்கத்தில் சிவப்பு மையில் குறிப்பு:
"இருமுறை வைத்துவிட்டாள். கவனக்குறைவு."

அந்தப் பக்கத்தை மட்டும்
ஐந்து பிரதி எடுத்தேன்.