பாலம் அணைந்த இரவு

லங்காவியில் ஏற்றியது
பன்னிரண்டு பெட்டி களவாக் குஞ்சுகள்.
ஆக்சிஜன் ஊதிய பைகளில்
நகமளவு மீன்கள்
என் முதுகுக்குப் பின்னால்
தண்ணீரைக் கொறித்துக்கொண்டிருந்தன.
இருக்கைகளைக் கழற்றிய செஸ்னாவில்
பேச்சுத்துணை என்று பார்த்தால் அவைதாம்.

ஏழரைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.
முத்திரை குத்துகிறவர் சாப்பிடப் போயிருந்தார்.
ஒன்பது இருபதுக்குச் சக்கரம் தரையை விட்டபோது
நிலா இல்லை என்பதை
ஒரு தகவலாகத்தான் குறித்துக்கொண்டேன்.

கடலைச் சுற்றி வருவதுதான் வழக்கம்.
நேரம் பிடிக்கும்,
ஆனால் கடலில் இடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.
அன்றைக்குத் தெற்கே இடிமழை.
பாலிக் புலாவ் மேலாகக் குறுக்கே வரட்டுமா
என்று கோபுரத்தைக் கேட்டேன்.
வா, என்றது ஒரு கொட்டாவிக் குரல்,
மலைக்கு நீயே பொறுப்பு.

பகலில் அந்த மலையை எனக்குத் தெரியும்.
டுரியான் தோப்பு, தண்ணீர்க் குழாய்,
மண் சரிந்த சிவப்புத் தழும்பு.
இரவில் மலை என்பது விளக்கில்லாத இடம்.
கடலும் விளக்கில்லாத இடம்.
கணவாய்ப் படகுகளின் பச்சை வெளிச்சங்கள்
கீழே மிதக்கின்றனவா மேலே தொங்குகின்றனவா
என்று ஒரு நிமிடம் உடம்புக்கே தெரியவில்லை.
காதுக்குள் இருக்கும் நீர் பொய் சொல்லும்.
எண்பதாயிரம் வெள்ளி கடன் வாங்கிப் படித்த பாடம் அது.
கணவாய் என்றால் கடலில் பிடிப்பது;
இரு மலைக்கு நடுவே உள்ள வழிக்கும் அதே பெயர்.
நான் தேடியது இரண்டாவதை.

எதிரே, மேட்டுக்கு அப்பால், ஊர்.
பாயா தெருபோங் அடுக்குமாடிகள்,
ஜெலுத்தோங், பாலம்,
அக்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்து மஞ்சள்.
தெரிகிற ஊர்மேல் கண்ணை வைத்தால் போதும்
என்று இருந்துவிட்டேன்.

அடுக்குமாடிகள் அணைந்தன.
கரண்டு போயிருக்கும் என்று நினைத்தேன்.
நிஜமாகவே நினைத்தேன்.
எங்கள் புளோக்கிலும் போயிருந்தால்
ஐஸ் பெட்டியில் வைத்த இறால் என்னாகும் என்றும்.
ஜெலுத்தோங் அணைந்தது.
பிறகு பாலம்,
தீவு முனையிலிருந்து,
ஒரு விளக்கு, அடுத்த விளக்கு, அதற்கடுத்தது,
யாரோ கடல்மேல் நடந்து
அணைத்துக்கொண்டே போவதுபோல.

கரண்டு அப்படிப் போகாது.

வெளிச்சத்துக்கும் எனக்கும் நடுவே
ஒன்று எழுந்துகொண்டிருந்தது.
இல்லை,
அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.
சரிவில் வழியும் குளிர்காற்றில்
நான்தான் இறங்கிக்கொண்டிருந்தேன்,
ஒரு குலுக்கல்கூட இல்லாமல்.

முழு விசை. இழுத்தேன்.
மூக்கு நிமிர்ந்தது.
வேகம் சரிந்தால் கத்துகிற கருவி
பசித்த ஆட்டுக்குட்டிபோல் கத்தியது.
கொஞ்சம் விடு. மறுபடி இழு.
பின்னால் பெட்டிகளின் பட்டை முறுகியது.
இடது இறக்கை விளக்கின் சிவப்பில்
ஒரு கணம் இலைகள் தெரிந்தன.
இலைகள்.
தனித்தனியாக.

முதலில் பட்டர்வொர்த் வந்தது.
பிறகு பாலம், அக்கரையிலிருந்து இக்கரைக்கு.
கடைசியில் மாடிகள், சன்னல் சன்னலாக.
கடந்தாயிற்றா, என்றது கோபுரம்.
ஆயிற்று, என்றேன்.
குரல் என்னுடையதுபோலத்தான் இருந்தது.

மீனுக்குக் காத்திருந்த கூ செங் லியோங்
டார்ச் அடித்துப் பைகளைப் பார்த்தார்.
பதினெட்டு செத்துப்போச்சு யோகமலர்,
எங்கே போட்டுக் குலுக்கினாய்?
கழித்துக்கொள்ளுங்கள், என்றேன்.
எழுதிக்கொண்டார்.

இப்போதும் ரெலாவில், எங்கள் புளோக்கில்,
கரண்டு போனால்
வீட்டுக்காரர் மெழுகுவத்தி தேடுவார்.
நான் கையில் இருப்பதை,
கரண்டியோ கோப்பையோ,
நெஞ்சோடு இழுத்துப் பிடித்தபடி நிற்பேன்,
எதிர் மாடியில் வெளிச்சம் இருக்கிறதா
என்று பார்த்துக்கொண்டு.