ஏழும் ஆறும்

ராயபுரம் ஆபீசின் நடுவில்
போன மாசம்தான் பிளைவுட் எழும்பியிருந்தது.
ஆணித்தலையில் இன்னும் துரு ஏறவில்லை.
இந்தப் பக்கம் சென்னியப்பன்.
அந்தப் பக்கம் அர்த்தனாரி, தங்கை வீட்டுக்காரர்.
ஓவர்லாக் மிஷின், நூல் பாக்கி, டீக்கடைப் பற்று,
சீலிங் ஃபேன்கூட எண்ணிப் பிரித்தாயிற்று.
மிச்சம் நின்றது ஒரு வட்டுப்பெட்டி.
விலை நாற்பத்திரண்டாயிரம்.
எங்கோ குளிரில் பிறக்கும் பிள்ளைகளின்
நெஞ்சுக்கென்று வரைந்த
வாத்தும் கரடியும் நங்கூரமும்
ஆறு வருஷமாய் அதற்குள்.

"ரெண்டு கம்ப்யூட்டருக்கும் ஆகறாப்புல
மாட்ட முடியுங்களா?"
போனில் ஒருவர் கேட்டார்.
பத்து நிமிஷம் கழித்து மற்றவரும்.

கோயமுத்தூரில் பஸ் ஏறி வந்தேன்,
பையில் இரண்டு அட்டை, ஐம்பது ஊசிக் கேபிள்.
பிளைவுட் அடியில் துளை போட்டேன்,
எலி நுழையும் அளவுக்கு.
மூன்று மீட்டர் தாண்டினால் பேச்சு குழறும்,
மேஜை இரண்டும் சுவரோடு ஒட்ட வேண்டும் என்றேன்.
முதுகுக்கு முதுகாகத் தள்ளினார்கள்.

தகராறு எண்ணில் வந்தது.
பெட்டியிலிருந்து இறங்கும்போதே
ஒவ்வொரு அட்டையும் தன்னை ஏழு என்றே நினைத்துக்கொள்ளும்.
ஒரே கம்பியில் இரண்டு ஏழு ஆகாது.
ஒன்று ஆறாக வேண்டும்.
"ஏழுக்கு என்னங் விசேஷம்?"
சொல்லியிருக்கக் கூடாது.
"ஒரே நேரம் ரெண்டும் கை தூக்கினா
கம்பி ஏழுக்குத்தானுங்க போகும்."

அரை மணி நேரம் தையல் மிஷின்கள் மட்டும் பேசின.
அரிசியளவு கறுப்பு ஜம்பரை
விரலிடுக்கில் வைத்து நின்றேன்.
சென்னியப்பன் சுவரைப் பார்த்துச் சொன்னார்:
"ஆறை எனக்கே போடுங்.
அங்க எந்தங்கச்சியும் உக்காந்து கணக்கெழுதுது."

வட்டையும் இரண்டு பாகமாக்கினேன்.
அடுத்தவர் பாகத்தைப் படிக்கலாம், எழுதக் கூடாது.
"எழுதினா?" என்றார் அர்த்தனாரி.
கம்பி யாருக்கு என்றுதான் கம்பிக்குத் தெரியும்,
எது புதுசு என்று தெரியாது.
ஒரு பெட்டி நேற்றுப் படித்ததை மனசில் வைத்துக்கொண்டு
இன்று மாறியதன் மேல் பழசையே எழுதும்.
இரண்டும் தான் சரி என்றே நம்பும்.
வாத்துக்குத் தலை இருக்காது.
"அதுக்குத்தானுங்களே பிளைவுட்டே போட்டது" என்றார்.

ஆடியில் ஒரு புகார்:
அந்தப் பெட்டியைப் போட்டால் இங்கே வேலை நிற்கிறது.
நிற்கும்தான். விழிக்கிற ஒவ்வொன்றும்
கம்பி முழுவதையும் ஒருமுறை உலுக்கும்.
போடும் முன் சொல்லிவிடுங்கள் என்றேன்.
"பேச்சில்லீங்களே."
அப்படி வந்ததுதான் சுவரில் இரண்டு தட்டு.

மார்கழியில் வேறு வேலையாகப் போனேன்.
அர்த்தனாரி கதவில் எட்டு நாளாகப் பூட்டு.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
"அது அணைஞ்சேதான கெடக்குது,
கேபிளைக் கழட்டி உட்டரலாமுங்களா?"
வேண்டாம் என்றேன். கம்பியின் ஒரு முனை
அந்தப் பெட்டிக்குள் முடிகிறது.
முடியாத முனையில் முட்டிய வார்த்தை
திரும்பி வந்து புது வார்த்தையைக் கலைக்கும்.
"கரண்ட் இல்லாத பெட்டியில எப்படிங் முடியும்?"
"இங்கிருந்து அஞ்சு வோல்ட் போகுதுங்க.
இதே கேபிள்லதான். முதல் நாள்ல இருந்து."

சென்னியப்பன் குனிந்து
அந்த எலித்துளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு ஸ்விட்சுக்குப் போன கையை இழுத்து,
யாரும் இல்லாத பக்கத்துக்கு
பிளைவுட்டில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போட்டார்.